படல் அந்தப் பக்கம் கட்டியிருக்கு

உங்களுக்கு வழி காட்டினானே ஒருத்தன், அந்தக் கிளுவை வேலிக்குப் பின்னாடி பச்சைத் துண்டைத் தலையில் சுத்திக்கிட்டு நின்னானே, அவன்தான் எல்லாத்துக்கும் காரணம். என் குதிரை மேல இருக்கிற ஒவ்வொரு தழும்புக்கும் அவன் பதில் சொல்லணும். இதை ஏதோ முதுகுக்குப் பின்னாடி சொல்றேன்னு நினைக்காதீங்க. நான் இங்கிருந்து பேசினா அங்கே கேட்கும். கேட்கட்டும்னுதான் பேசறேன்.

வழி கேட்டதுக்கு என்ன சொன்னான்? ஒண்ணுமே சொல்லலையா? கையை மட்டும் நீட்டினானா? பார்த்தீங்களா! அதான் அவன். உடுமலையிலிருந்து ஒரு மனுஷன் வெயில்ல வந்து நிக்கறார், வாயைத் திறந்து "அந்தப் பக்கம்ங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?

சரி, நீங்க உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க. தெய்வா, ரெண்டு டம்ளர் மோர் கொண்டா. லாயம் பார்க்க வந்திருக்கார். லாயம்தான் சொன்னேன். என் சம்சாரத்துக்கு மட்டும் இது இன்னமும் கட்டுத்தரை. மாடு கட்டின வாய்.

மகளுக்குக் குதிரை வாங்கப் போறீங்க, அதுக்கு முன்னாடி நல்ல லாயம் ஒண்ணைப் பார்த்துட்டுக் கட்டலாம்னு வந்திருக்கீங்க. நல்ல புத்தி. ராக்கியப்பன் லாயத்தைப் பாருன்னு யாரோ சொல்லியனுப்பியிருக்காங்க, அதுவும் நல்ல புத்தி. நோட்டுக்கூடக் கொண்டு வந்திருக்கீங்க. எழுதிக்கங்க, நான் மறைக்கிற ஆள் இல்லை.

முதலில் நான் யாருன்னு எழுதிக்கங்க. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினது மழைக்குத்தான். மாட்டுச் சந்தையில் அடுத்தவன் மாட்டுக் கயித்தைப் பிடிச்சு நின்னு, உதை வாங்கி, மாடும் உதைச்சு மனுஷனும் உதைச்சு, அப்படித் தரகனானவன். எங்க தொழிலில் விலையை வாயால் பேச மாட்டோம். ரெண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்குவோம், உள்ளே விரலைப் பிடிச்சு விலை. வாய் அது பாட்டுக்கு மழை வருமா, மருமகள் எப்படின்னு பேசிக்கிட்டிருக்கும். சுத்தி நூறு பேர் நின்னாலும் விலை வெளியே தெரியாது. எதிராளி விரல் ஈரமா இருக்கா, ஒரு நொடி தயங்குதா, அதை வச்சே அவன் வீட்டில் என்ன கஷ்டம்னு சொல்லிடுவேன். நாற்பது வருஷம். என் கைக்குப் பொய் சொன்னவன் இந்தச் சீமையிலேயே கிடையாது.

போன ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போனேன். மாடு பார்க்கத்தான் போனேன். சும்மா குதிரைப் பக்கம் எட்டிப் பார்த்தா, ஜிப்பாப் போட்ட ஒருத்தன் என் துண்டைப் பார்த்துட்டுச் சொல்றான், "ஏப்பா, மாட்டு யாவாரிக்கு இங்கே என்ன வேலை? சாணி அள்ள வந்தியா?"

பொழுது இறங்கறதுக்குள்ள செவ்வந்தியை வாங்கிட்டேன். அந்த ஜிப்பாக்காரன் கண்ணு வச்சிருந்த அதே குதிரை. காத்தியவாடி ஜாதி. செவலை நிறம். காது ரெண்டும் வளைஞ்சு நுனியோட நுனி தொடும், பார்த்தா கையெடுத்துக் கும்பிடற மாதிரி இருக்கும்.

வாங்கியாச்சு. கட்ட இடம்? புளியமரத்தடியில் கட்டிட்டு அதுக்கப்புறம்தான் லாயம் கட்டவே ஆரம்பிச்சேன். நீங்க அப்படிச் செய்யாதீங்க, எழுதிக்கங்க. ஆனா நான் செஞ்சது தப்புன்னும் எழுதாதீங்க. அன்னைக்கு அது தேவைப்பட்டுச்சு.

வாங்க, எழுந்து வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம். தலையைக் குனிய வேண்டாம், கூரையை இப்ப உயர்த்தியாச்சு. முன்னே குனிஞ்சுதான் போகணும். மூடிப்போன நூல் மில்லில் எடுத்த தகரம், ஒவ்வொரு தகரத்துக்கும் ஒரு மணி நேரம் பேரம் பேசினேன். தரை சிமெண்ட். கொத்தனார் ஆறுச்சாமி அப்பவே இழுத்தான்.

"ஏனுங்க, குதிரைக்குத் தரை இத்தனை வழவழன்னு வேணுங்களா?"

"நீ இலை போட்டு உட்கார்ந்து சோறு திங்கற மாதிரி இருக்கணும்டா."

"நான் திம்பனுங்க. குதிரை நிக்கணுமுங்களே."

கூலி வாங்கறவனுக்குக் கேள்வி எதுக்கு? தேய்ச்சான். கண்ணாடி மாதிரி தேய்ச்சான். செவ்வந்தி உள்ளே வந்த முதல் நாளே முன்னங்கால் வழுக்கி முட்டி போட்டது. அப்புறம் நாலு நாள் படுக்கவே இல்லை. நின்னபடியே இருந்தது. கண் மட்டும் செருகும், திடுக்குன்னு முழிக்கும். நான் தரையில் கோடு கீறச் சொன்னேன், சாக்கு விரிச்சேன், புண்ணாக்குத் தண்ணி வச்சேன். படுக்கலை.

அஞ்சாம் நாள் விடிஞ்சு பார்க்கறேன், வேலியில் ஆள் நுழையற கடவுல ஒரு வண்டி மணல் கொட்டிக் கிடக்குது. ஆத்து மணல், சலிச்ச மணல். அதில் ஒரு மண்வெட்டி குத்தி நிக்குது. யார் கொட்டினதுன்னு கேட்கவும் வேண்டாம், மண்வெட்டிக் காம்புல சுத்தின சைக்கிள் டியூபே சொல்லிடுச்சு.

அவன் யாருன்னு நான் இன்னும் சொல்லலை இல்ல? என் சம்சாரத்தோட தம்பி. அடுத்த தோட்டம் அவனோடது. பேர் சொல்ல மாட்டேன். இந்த எட்டு மாசமா என் வாயால் அவன் பேரை எடுக்கறதில்லை.

மணலுக்கு வர்றேன். என்ன அர்த்தம் அது? உன் தரை சரியில்லைன்னு அர்த்தம். அதை நேர்ல வந்து, "மாமா, தரை வழுக்குதுங்க, மணல் போடுங்க"ன்னு சொல்லியிருந்தா என்ன? நாலு வார்த்தை நான் திட்டியிருப்பேன், ரெண்டு வார்த்தை அவன் திட்டியிருப்பான், முடிஞ்சிருக்கும். ரெண்டு நாள் அந்த மணலைத் தொடலையே நான். மூணாம் நாள் மழை மூட்டமா இருந்தது. நல்ல மணல் கரைஞ்சு வீணாப் போகுதேன்னுதான் எடுத்து உள்ளே பரப்பினேன். அன்னைக்குச் சாயங்காலம் செவ்வந்தி படுத்தது. உருண்டு உருண்டு படுத்தது. ஆக, தரைக்கு மணல். அரையடிக்குக் குறையக் கூடாது. எழுதிட்டீங்களா? என் யோசனைன்னு எழுதுங்க. பரப்பினது நான்தானே.

இப்ப வேலிக்கு வருவோம்.

எங்க ரெண்டு தோட்டத்துக்கும் நடுவில் கிளுவை வேலி இருந்தது. நீங்க வரும்போது பார்த்தீங்களே, அது இல்லை. அது புதுசு. பழசு இதோ, இந்தக் கல்லுக்கால் நிக்கிற வரிசையில் இருந்தது. ஆள் உயரம், பாம்பு நுழைய இடம் இருக்காது. ஒரே ஒரு கடவு, என் சம்சாரம் அந்தப் பக்கம் போய்வர. கிளுவையை அப்படியே விட்டுட முடியாது. புரட்டாசியில் கழிச்சுக் கட்டணும். நான் இந்தப் பக்கம் நிப்பேன், அவன் அந்தப் பக்கம். நான் ஒரு கொப்பை வளைச்சு உள்ளே தள்ளினா, அவன் வாங்கி, இழுத்து, பின்னி, திருப்பி என்கிட்டத் தள்ளுவான். ஒரு ஆள் செய்யற வேலை இல்லை அது. ஒரு பக்கம் மட்டும் கட்டினா அடுத்த பக்கம் சாய்ஞ்சுடும். இருபத்திரண்டு வருஷம் கட்டினோம். நான் பேசிக்கிட்டே கட்டுவேன், அவன் கேட்டுக்கிட்டே கட்டுவான். மூஞ்சி தெரியாது, கை மட்டும் இலைக்கு நடுவில் வந்துட்டுப் போகும்.

போன புரட்டாசியில் எனக்குப் புதுசா யோசனை வந்தது. போனில் ஒரு படம் பார்த்தேன். ஏதோ ஊரில் பெரிய குதிரைப் பண்ணை. வேலி வரிசையா, நேரா, கயிறு பிடிச்ச மாதிரி போகுது. அதைப் பார்த்துட்டு என் கிளுவையைப் பார்த்தா, தலை வாராதவ மாதிரி நிக்குது. அந்த ஜிப்பாக்காரன் என்னைக்காவது இந்தப் பக்கம் வந்தா என்ன நினைப்பான்? படத்தில் பலகை வேலி. பலகைக்குக் கொட்டிக் கொடுக்க நான் என்ன முட்டாளா? நாற்பது வருஷமா பார்க்கறேன், எந்த மாட்டுக்கும் முள்ளுக்கம்பி போதும். ஒரு தடவை மூக்கில் குத்தினா அடுத்த தடவை அந்தப் பக்கமே போகாது. மாட்டுக்குப் போதுறது குதிரைக்குப் போதாதா?

ஜேசிபி வரவச்சேன். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒரே காலையில் கிளுவை காலி.

சம்சாரம் ஓடி வந்தாள். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"என் நிலத்து வேலியை நான் எடுக்க அவனை எதுக்குக் கேட்கணும்?"

"பாதி வேர் அந்தப் பக்கமுங்க."

"பாதி வேரை அவன் எடுத்துக்கட்டும்."

அப்பத்தான் அவன் வந்தான். வந்து நின்னான். அந்தப் பக்கம், பச்சைத் துண்டு, கையில் கழிக்கிற அரிவாள். ஆமாங்க, அரிவாள். அன்னைக்கு வேலி கட்டத்தான் வந்திருக்கான். அந்த வாரம்தான் நாங்க வழக்கமா கட்டற வாரம். எனக்கு அது நினைப்பில் இல்லை. ஜேசிபி சத்தத்துக்கு மேல கத்தினேன், "என்ன மாப்பிள்ளை, ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லு!"

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். சத்தியமா நிறுத்தியிருப்பேன். எதிராளி விரலைக் காட்டாம நான் எப்படிங்க விலையைக் குறைக்கறது? அவன் குனிஞ்சான். இலை வாடாத கொப்பா ஒண்ணைப் பார்த்து எடுத்தான். தோளில் வச்சான். போயிட்டான். அப்புறம் திரும்பி வந்து இன்னொண்ணு. அன்னைக்கு முழுக்க அதே வேலை.

எதுக்குன்னு மறுநாள்தான் தெரிஞ்சது. என் கிளுவைக் கொப்பையெல்லாம் வெட்டிக் கொண்டுபோய் அவன் நிலத்துக்குள்ள ஒரு கஜம் தள்ளி நட்டு வச்சிருக்கான். ஒரு கஜம்! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கஜ நிலத்தை எனக்கு விட்டுட்டான். யார் கேட்டது? கேட்காம விட்டுக் கொடுக்கறதைப் போல ஒரு அவமானம் உண்டா? பத்து கஜம் வேணும்னு நான் கேட்டு, முடியாதுன்னு அவன் சொல்லி, சண்டை போட்டு, அரைக் கஜத்துக்கு வந்து நின்னிருந்தா அது மரியாதை. இது பிச்சை. அந்த ஒரு கஜத்தில் நான் இன்னைக்கு வரைக்கும் கால் வைக்கலை. பாருங்க, புல் முட்டிக்கு நிக்குது.

கல்லுக்கால் நட்டேன். நாலு வரி முள்ளுக்கம்பி இழுத்தேன். வீணைக் கம்பி மாதிரி விண்ணுன்னு நின்னது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். பால் கறக்கிற நேரம். மேற்கே இடிச்சுக்கிட்டு வந்த மழை, ஆலங்கட்டியோட தகரத்தில் விழுந்தது பாருங்க, நூறு பறையை ஒரே சமயத்தில் அடிச்ச மாதிரி. உள்ளே நின்னா எனக்கே மூளை கலங்கும். செவ்வந்தி கதவை உதைச்சுப் பிளந்துட்டு வெளியே வந்தது. நேரா ஓடினது. கம்பி விண்ணுன்னு நின்னுச்சுன்னு சொன்னேன் இல்ல? குதிரை கண்ணுக்கு அந்தக் கம்பியே தெரியலை.

அப்புறம் வந்த டாக்டரம்மா எனக்குப் பாடம் எடுத்தாங்க. "மாடு முள்ளில் மாட்டினா நிக்கும், குதிரை மாட்டினா இன்னும் வேகமா ஓடும். இது தெரியாமயா வளர்க்கறீங்க?" அதையும் எழுதிக்கங்க.

அன்னைக்கு நான் ஓடினேன். ஓடிப் போய்க் கத்தினேன். வேற என்ன செய்யறது? மாட்டை அதட்டற மாதிரி அதட்டினேன். அதட்ட அதட்ட அது துள்ளுது, துள்ளத் துள்ளக் கம்பி இறங்குது. நெஞ்சில் ஒரு வரி, முன்னங்காலில் ரெண்டு சுத்து. மழையில் ரத்தம் கலந்து போகுது. நான் இன்னும் கத்தறேன்.

அந்தப் பக்கத்திலிருந்து அவன் வந்தான். நட்டு ஒரு மாசம் ஆகாத கிளுவைக் குச்சியெல்லாம் மிதிச்சுக்கிட்டு வந்தான். வந்ததும் முதல் வேலையா என்ன செஞ்சான் தெரியுமா? என் வாயைப் பொத்தினான். ஆமாங்க! அக்கா புருஷன் வாயை, இத்தனை வயசு வித்தியாசத்தில், ஈரக் கையால் பொத்தினான். நான் அடங்கினதும் கையை எடுத்தான். பச்சைத் துண்டை அவிழ்த்துச் செவ்வந்தி கண்ணு மேல போட்டான். துண்டுக்கடியில் கையை விட்டான்.

நின்னுடுச்சு. நடுங்கிக்கிட்டே நின்னுடுச்சு.

நாற்பது வருஷம் துண்டுக்கடியில் கை வச்சவன் நான். அந்தத் துண்டுக்கடியில் அவன் என்ன விரல் கொடுத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

இன்னொரு கையால் இடுப்பிலிருந்து கட்டர் எடுத்தான். என் கம்பி நாலு வரியையும் அறுத்தான். நான் பக்கத்தில் நின்னு மேற்பார்வை பார்த்துக்கிட்டேன். குதிரையை மெதுவாப் பின்னுக்கு எடுத்து, எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனான்? அவன் பக்கம். அங்கே ஒரு வெள்வேல மரம் இருக்குது, அதுக்கடியில். டாக்டரம்மா அங்கேதான் தையல் போட்டாங்க. இருபத்தேழு தையல்.

தை மாசம் புண் ஆறிடுச்சு. குதிரை வரலை.

வரலைன்னா, நான் கயிறு போட்டு இழுத்தேன். கல்லுக்கால் வரிசைக்கு ஒரு அடி முன்னாடி வந்து நாலு காலையும் ஊனிக்கிட்டு நின்னுடுச்சு. வெல்லம் காட்டினேன். கழுத்தை மட்டும் நீட்டி வாங்கித் தின்னுட்டுத் திரும்பிப் போயிடுச்சு. ரெண்டாம் தடவை நான் கயித்தை வெடுக்குன்னு இழுத்தேன், மிரண்டது. மறுநாள் காலையில் அவன் புது வேலியில் இருந்த திறப்பை முள் வச்ச படலால் அடைச்சுட்டான். முடிச்சு அவன் பக்கம். இப்பச் சொல்லுங்க, இது திருட்டா இல்லையா? என் குதிரை அவன் மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் மேயுது. என் சம்சாரம் தினமும் கொள்ளு வேக வச்சு, ரோட்டைச் சுத்திக்கிட்டு அரை மைல் நடந்து போய் வச்சுட்டு வர்றாள்.

"அவன் உன்கிட்டயாவது பேசறானா?"ன்னு கேட்டேன்.

"பேசறான்."

"என்னைப் பத்தி என்ன சொல்றான்?"

"மாமா சாப்பிட்டாரான்னு கேட்கறான்."

எரியுது எனக்கு. வேற ஒண்ணும் கேட்கலையாம். சாப்பிட்டேனான்னு கேட்கறானாம்!

நான் சும்மா இருக்கிற ஆளா? லாயத்தைத் திருத்தினேன். கூரையை மூணு அடி உயர்த்தினேன். தகரத்துக்கு மேல தென்னங்கீத்து வேய்ஞ்சேன், இப்ப ஆலங்கட்டி விழுந்தாலும் கொசு உட்கார்ந்த சத்தம்தான். ஆறுச்சாமியை விட்டுச் சிமெண்டைக் கொத்தி எடுத்துட்டு மண்ணும் மணலும் போட்டேன். "அன்னைக்கே சொன்னனுங்களே"ன்னான். கடப்பாரையைத் தூக்கிக் காட்டினேன், சிரிச்சான். கதவு அகலம் பண்ணினேன். சுவரை இடிச்சு ஜன்னல் வச்சேன், தலையை வெளியே நீட்டற உயரத்தில். குதிரை தனியா நாலு சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்காது, யாரையாவது பார்த்துக்கிட்டு இருக்கணும். ஏன் கிழக்கே வச்சேன்னு கேட்கறீங்களா? காத்துக்காக. அந்தப் பக்கம் அவன் காடு தெரியறது தற்செயல்.

என்ன பார்க்கறீங்க? கம்பியா? கல்லுக்கால் மொட்டையா நிக்குதேன்னு பார்க்கறீங்க. நானும் நீங்க எப்பக் கேட்பீங்கன்னு பார்த்தேன். சுருட்டி வச்சுட்டேன். அதோ மூலையில் கிடக்குதே, அதான். சித்திரையில் ஒரு நாள் அவன் சந்தைக்குப் போயிருந்தான், அன்னைக்கு எடுத்தேன். வெயிலுக்குத் துருப்பிடிக்கும். அதுக்காக. கையில் கிழிச்ச தழும்பு இருக்குது பாருங்க, ஆள் வைக்காம நானே சுருட்டினேன். மத்தபடி அவன் நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. அவன் பார்த்திருப்பான். மொட்டைக் கல்லு எத்தனை தூரத்துக்குத் தெரியும்! பார்த்துட்டும் படலை அவிழ்க்கலையே. நான் இறங்கி வந்துட்டேன், ஒரு விரல் காட்டிட்டேன். எதிர்க்கை எங்கே?

மன்னிப்புக் கேட்டீங்களான்னா கேட்கறீங்க? நானா? யார்கிட்ட? உங்களுக்கு லாயம் காட்டினா நீங்க ஊர்ப் பஞ்சாயத்துப் பேசறீங்களே. தெய்வா, நீ எதுக்குச் சிரிக்கிறே?

கேளுங்க. நோட்டை மூடிடுங்க, இது எழுதறதுக்கில்லை. திரும்பிப் போகும்போது அவன் தோட்டத்து வழியாத்தானே போகணும்? அங்கே நின்னுக்கிட்டு இருப்பான். அவன்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. ஜேசிபி நின்ன அன்னைக்கு அவன் என் வாயைப் பொத்தியிருக்கணும். மழையில் பொத்தத் தெரிஞ்சவனுக்கு அன்னைக்கு ஏன் தெரியலை? கையில் அரிவாள் இருந்தது, அதைக் காட்டி, "யோவ் மாமா, நிறுத்துய்யா"ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா கிளுவை நின்னிருக்கும். குதிரைக்கு ஒரு கீறல் பட்டிருக்காது. இருபத்தேழு தையலும் அவன் கணக்குத்தான். இதில் நான் இறங்கறதுக்கு இல்லை.

ஆடி பொறக்கப் போகுது. மழை வந்தா கிளுவைக் குச்சி பிடிச்சுக்கும். அவன் பக்கத்து வேலி இப்ப நல்லாத் துளிர்த்திருக்குது, குச்சிக்குப் பஞ்சமில்லை. அதை வெட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. பழைய வரிசையிலேயே நடணும். அவன் ஒரு கஜம் எனக்கு வேண்டாம், அவனே எடுத்துக்கட்டும். நான் இந்தப் பக்கம் நிப்பேன். அந்தப் பக்கம் யார் நிப்பா? ஆள் வச்சா ஆகற வேலையா அது?

வந்ததும் முதலில் என்னைத் திட்டச் சொல்லுங்க. எட்டு மாசத்துக்கும் சேர்த்து, சத்தமா, ஊருக்குக் கேட்கறாப்பல. சாப்பிட்டீங்களான்னு கேட்டா மட்டும் நான் மனுஷனா இருக்க மாட்டேன், அதையும் சொல்லுங்க.

படல் அந்தப் பக்கம் கட்டியிருக்கு. கட்டினவன்தான் அவிழ்க்கணும். அவிழ்த்துட்டு, குதிரையை அவன் கையில் பிடிச்சுக்கிட்டு, அவனே நடந்து வந்து, இந்த லாயத்தில் அவனே விடணும். போங்க, இப்பவே போய்ச் சொல்லுங்க. மோரை வந்து குடிக்கலாம்.